மூலம் யார் கையில்? ஒரே பதிவைப் பல தளங்களில் பகிர்வது குறித்து

ஒரு கட்டுரையை எழுதி முடித்தவருக்கு அடுத்த வேலை, அதை எங்கெல்லாம் இடுவது என்பது. தன் வலைப்பதிவில் போடுகிறார். முகநூலில் முழுதாக ஒட்டுகிறார். எக்ஸில் நான்கு வரியும் சுட்டியும். இன்ஸ்டாகிராமில் படமாக்கிய இரண்டு வாக்கியம். வாட்ஸ்அப் குழுக்களில் மறுபடி முழுக் கட்டுரை. ஒரே வாரத்தில் அது ஐந்தாறு இடங்களில், ஐந்தாறு வடிவங்களில் இருக்கிறது. ஓரிடத்தில் ஆண்டுக் குறிப்பு ஒன்றைத் திருத்துகிறார். மற்ற இடங்களில் பிழை அப்படியே நிற்கிறது. முகநூலில் ஒருவர் நல்ல மறுப்பு எழுதியிருக்கிறார். வலைப்பதிவில் படித்தவருக்கு அது தெரியவே தெரியாது. வாட்ஸ்அப்பில் போனது சில நாளில் பெயர் உதிர்ந்து அவருக்கே திரும்பி வருகிறது.

இதைப் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை, எத்தனை தளத்தில் போட்டால் எத்தனை பேர் பார்ப்பார்கள் என்ற கணக்கோடு நின்றுவிடுகின்றன. கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் வந்து போன தளங்களையும் கருவிகளையும் வரிசையாகப் பார்த்தால், அந்தக் கணக்கைவிட முக்கியமான கேள்வி வேறொன்று என்று தெரிகிறது. இத்தனை பிரதிகளில் எது மூலம், அந்த மூலம் யார் கையில் இருக்கிறது?

இணையத்துக்கு முன்பே இந்தக் கேள்வி இருந்தது. அமெரிக்காவின் 1792ஆம் ஆண்டு அஞ்சல் சட்டம், பத்திரிகை அச்சிடும் ஒவ்வொருவரும் தம் இதழின் ஒரு பிரதியை நாட்டிலுள்ள பிற பத்திரிகை அச்சகத்தாருக்குக் கட்டணமின்றி அனுப்ப இடம் தந்தது. ஒருவர் அச்சிட்டதை இன்னொருவர் வெட்டி எடுத்து மறுபடி அச்சிடுவதே அன்றைய செய்திப் பரவலாக இருந்தது. எழுதியவர் பெயர் பல நேரம் வழியிலேயே விழுந்துவிடும். 1884இல் எஸ். எஸ். மெக்லூர் தொடங்கிய கூட்டு வெளியீட்டு நிறுவனம் வேறு வழியில் போனது. ஒரே கதையைப் பல ஊர்ப் பத்திரிகைகளுக்கு விற்றது. எழுத்தாளருக்குப் பணமும் போனது, பெயரும் நின்றது. இன்றைய வாட்ஸ்அப் ஃபார்வர்டு முதல் வகைக்கு நெருக்கம். இரண்டாம் வகையைத்தான் இணையம் இன்னும் சரியாகக் கட்டிக்கொள்ளவில்லை.

கட்டிக்கொள்ளும் வாய்ப்பு ஒருமுறை வந்தது. 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனம் ஆர்எஸ்எஸ் என்ற செய்தியோடை வடிவத்தை வெளியிட்டது. 2002இல் டேவ் வைனர் அதன் 2.0 பதிப்பைத் தந்தார். 2005இல் ஆட்டம் என்ற இணை வடிவம் இணையத் தரமாக ஏற்கப்பட்டது. ஒரு தளத்தில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்பதை எந்த நிரலும் படித்துக்கொள்ளும்படி ஒரு கோப்பாக வைப்பதுதான் செய்தியோடை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம். தமிழ் வலைப்பதிவுகள் தழைத்தது இந்த எளிய கோப்பின் மேல்தான்.

2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் அந்தக் கோப்புகளைத் திரட்டி ஒரே பக்கத்தில் காட்டியது. புதிய இடுகைகள் ஒரு பட்டியலாகவும், அண்மையில் மறுமொழி பெற்ற இடுகைகள் இன்னொரு பட்டியலாகவும் வரும். இரண்டாவது பட்டியலின் அருமை இப்போதுதான் தெரிகிறது. பழைய இடுகை ஒன்றில் விவாதம் சூடுபிடித்தால் அது மீண்டும் மேலே வரும். எழுதி வாரக்கணக்கானாலும் வாசகர் வருவார்கள். வாரம் ஒருவரை நட்சத்திரப் பதிவராக முன்நிறுத்தும் வழக்கமும் இருந்தது. பின்னால் தேன்கூடு, திரட்டி, தமிழ்வெளி, இன்ட்லி என்று பல திரட்டிகள் வந்தன. இவை எதுவும் மூலத்தைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளவில்லை. தலைப்பையும் முதல் சில வரிகளையும் காட்டிவிட்டு, வாசகரை எழுதியவரின் தளத்துக்கே அனுப்பின. பிரதி சுற்றியது, மூலம் நின்ற இடத்தில் நின்றது. அதற்குப் பிறகு வந்த எந்த ஏற்பாடும் இவ்வளவு நேர்மையாக இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அப்போதும் இடையூறு இல்லாமல் இல்லை. 2012இல் கூகுள் தன் பிளாக்ஸ்பாட் தளங்களை நாடுவாரியாகத் திருப்பிவிடத் தொடங்கியது. ஒரே இடுகை இந்தியாவில் திறந்தால் ‘டாட் இன்’ என்றும், வேறு நாட்டில் திறந்தால் அந்த நாட்டு முடிவோடும் காட்டியது. ஒரே இடுகைக்குப் பல முகவரி என்றானதும் திரட்டிகளில் விழுந்த வாக்குகளும் பகிர்வு எண்ணிக்கையும் சிதறின. பலர் தங்கள் வார்ப்புருவில் ஒரு சிறு நிரலைச் சேர்த்து ‘டாட் காம்’ முகவரிக்கே வாசகரைத் திருப்ப வேண்டியிருந்தது. எழுத்து உன்னுடையது, முகவரி இன்னொருவருடையது என்றால் என்ன ஆகும் என்பதற்கு அது முதல் பாடம்.

அடுத்த பாடங்கள் இன்னும் கடுமையானவை. 2007இல் தொடங்கிய ஃபிரெண்ட்ஃபீட், ஒருவர் பல தளங்களில் இடுவதையெல்லாம் ஒரே ஓடையாக்கிக் காட்டியது. 2009இல் முகநூல் அதை வாங்கியது. 2015இல் அது மூடப்பட்டது. 2008இல் வந்த போஸ்டரஸ் இன்னும் எளிது: ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும், உங்கள் எல்லாத் தளங்களிலும் அது இடுகையாகிவிடும். 2012இல் ட்விட்டர் (இன்றைய எக்ஸ்) அதை வாங்கியது; 2013 ஏப்ரல் 30 அன்று மூடியது. ஒரே வரியைப் பல தளங்களுக்கு அனுப்பிய பிங்.எஃப்எம் கைமாறிக் கைமாறி 2012இல் முடிந்தது. செய்தியோடையை ட்விட்டருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த ட்விட்டர்ஃபீட் 2016இல் நின்றது. 2013இல் கூகுள் ரீடர் மூடப்பட்டபோது செய்தியோடை என்ற பழக்கமே பெரும்பாலோரிடம் விட்டுப்போயிற்று. பகிர்வுக்கென்று பிறந்த இத்தனை கருவிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பத்து வயதுகூட நிறையவில்லை.

கருவிகள் மூடியது பாதிக் கதை. தளங்களே கதவைச் சாத்தியது மறுபாதி. வலைப்பதிவின் செய்தியோடையை முகநூல் குறிப்புகளில் தானாக இறக்கிக்கொள்ளும் வசதியை முகநூல் 2011இல் நிறுத்தியது. 2018 ஆகஸ்ட் முதல் வெளிச் செயலிகள் தனிநபர் பக்கத்தில் இடுகை இடுவதைத் தடுத்தது. 2020 அக்டோபர் முடிவோடு குறிப்பு எழுதும் வசதியையே எடுத்துவிட்டது. 2022 டிசம்பர் 18 அன்று ட்விட்டர், மாஸ்டடான், இன்ஸ்டாகிராம், முகநூல் முதலிய போட்டித் தளங்களுக்கு வரச்சொல்லி இணைப்புத் தரக்கூடாது என்றொரு விதியை அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பியதும் உடனே பின்வாங்கியது. 2023 பிப்ரவரியில், வெளிச் செயலிகள் ட்விட்டரோடு இணைய உதவிய இலவச ஏபிஐ நிறுத்தப்படுவதாக அறிவிப்பு வந்தது. பின்பு இடுகை இட மட்டும் உதவும் சிறிய இலவசப் பிரிவொன்றும், மாதம் 100 டாலருக்கு அடிப்படைப் பிரிவும் வந்தன. வேர்ட்பிரஸ் போன்ற இடங்களிலிருந்து ட்விட்டருக்குத் தானாகப் போய்க்கொண்டிருந்த பகிர்வு அந்த ஆண்டே நின்றது. 2024 நவம்பரில் எக்ஸின் உரிமையாளர், சுட்டியை முதல் இடுகையில் வைக்காமல் அதற்குக் கீழே பதிலில் வையுங்கள் என்று சொன்னார். வாசகரை வெளியே போகவிடுவதில் இந்தத் தளங்களுக்கு விருப்பமில்லை என்பதை இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியாது.

தமிழில் இதன் விளைவு எளிதில் கண்ணுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் எழுத்து குறையவில்லை, இடம்தான் மாறியது. 2010ஐ ஒட்டி வலைப்பதிவில் எழுதிக்கொண்டிருந்தவர்களில் ஏராளமானோர் முகநூல் சுவருக்குப் போனார்கள். அங்கே உடனடியாக ஆள் இருந்தது, பேச்சு இருந்தது. இலக்கிய விமர்சனம், ஊர் வரலாறு, போர்க்கால நினைவுகள், சமையல், மருத்துவம் என்று நூலாக வேண்டிய எழுத்தெல்லாம் நிலைத்தகவல்களாக வந்தன. அவற்றை மூன்று ஆண்டு கழித்துத் தேடினால் எழுதியவருக்கே கிடைப்பதில்லை. தரவைப் பதிவிறக்கும் வசதி இருக்கிறது. ஆனால் ஜேசன் வடிவில் எடுத்தால் தமிழ் எழுத்துகள் பைட் பைட்டாகச் சிதைந்து வருவது பல ஆண்டுகளாகத் தெரிந்த குறை. ஹெச்டிஎம்எல் வடிவில் எடுத்தால் ஒழுங்காக வரும். முகநூலில் எழுதும் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்த வடிவில் தரவை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இது நான் கெஞ்சியே சொல்லும் விஷயம்.

இந்த அனுபவங்களுக்கெல்லாம் பதிலாக, 2011இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் கூடத் தொடங்கிய இண்டிவெப் குழுவினர் ஒரு முறையை முன்வைத்தார்கள். தன்தேக் செலிக் முதலியோர் பரப்பிய அதன் பெயர் போஸ்ஸி. முதலில் சொந்தத் தளத்தில் வெளியிடு. பிறகு எங்கு வேண்டுமானாலும் பிரதி அனுப்பு. ஒவ்வொரு பிரதியும் மூலத்தின் முகவரியைச் சுமக்கட்டும். இவ்வளவுதான். இதற்கு நேர் எதிரான முறையும் உண்டு: மற்ற தளங்களில் எழுதிவிட்டுப் பிறகு சொந்தத் தளத்துக்குப் பிரதி எடுப்பது. கைப்பேசியில், பேச்சின் வேகத்தில் எழுதுபவர்களுக்கு இரண்டாவதுதான் இயல்பாக வரும். அதையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிரதி எடுப்பதை நாளைக்கு என்று தள்ளினால், அந்த நாளை பெரும்பாலும் வருவதில்லை.

முறையைத் தளராமல் கடைப்பிடித்துக் காட்டியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் கனடிய எழுத்தாளர் கோரி டாக்டரோ. 2020இல் தொடங்கிய புளூரலிஸ்டிக் என்ற தன் தளத்தில் கட்டுரையை இடுகிறார். அதே கட்டுரை மின்னஞ்சல் இதழாகவும், டம்ளர், மீடியம், மாஸ்டடான் தளங்களில் அந்தந்த வடிவிலும் போகிறது. வாசகர் எந்த இடத்திலிருந்தும் முழுவதையும் படிக்கலாம். எந்தத் தளம் மூடினாலும் மூலம் அவரிடம் இருக்கிறது. பெயரைச் சொல்லி யாரும் எடுத்தாளலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தையும் அதனுடன் சேர்த்திருக்கிறார். முழுநேர எழுத்தாளர் செய்வதை அலுவலகம் போய்வந்து இரவில் எழுதுபவர் அப்படியே செய்ய முடியாது. ஆனால் அவர் கடைப்பிடிக்கும் திசையை யாரும் கடைப்பிடிக்கலாம்: மூலத்திலிருந்து வெளியே.

முழுவதையும் தருவதா, முதல் பத்தியும் சுட்டியும் தருவதா என்பதில் பதிவர்களிடையே ஓயாத விவாதம் உண்டு. சுட்டி மட்டும் தந்தால் வாசகர் நம் தளத்துக்கு வருவார் என்பது ஒரு கட்சி. நான் மறுபக்கம். சுட்டியுள்ள இடுகைகளைத் தளங்கள் பின்தள்ளும் காலத்தில், பேருந்தில் நின்றபடி கைப்பேசியில் படிக்கும் ஒருவரை இன்னொரு பக்கத்துக்கு வரச் சொல்வது அவரை இழப்பதுதான். முழுவதையும் கொடுத்துவிட்டு, கடைசி வரியில் பெயர், எழுதிய தேதி, மூல முகவரி மூன்றையும் வைப்பது நல்லது. பிற்பாடு திருத்தங்கள் மூலத்தில் நடக்கும் என்று ஒரு சொல் சேர்த்தால் இன்னும் நல்லது.

தேடுபொறிகள் இப்படிப்பட்ட இரட்டைப் பிரதிகளைத் தண்டிக்கும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. அது மிகை. ஒரே உரை பல இடத்தில் இருந்தால் கூகுள் அவற்றில் ஒன்றைத் தேர்ந்து காட்டும். பிரச்சினை, அது உங்களுடையதாக இல்லாமல் போவதுதான். 2009இல் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து, மூலம் எது என்று பக்கத்தின் தலைப்பகுதியில் ஒரு வரியில் குறிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. மீடியத்தின் இறக்குமதிக் கருவி அந்த வரியைத் தானே சேர்த்துவிடும். முகநூலிலோ பெரும்பாலான இதழ்த் தளங்களிலோ நாம் அதைச் சேர்க்க முடியாது. இணைய இதழ் ஒன்றுக்குக் கட்டுரை கொடுத்தால், அங்கே வெளிவந்து சில நாள் கழித்து நம் தளத்தில் இடுவதும், முதலில் எங்கே வந்தது என்று சொல்வதும் இரு தரப்புக்கும் நியாயமான ஏற்பாடு.

தமிழில் எழுதுபவர் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது நீளக் கணக்கு. எக்ஸின் 280 என்பது நாம் எண்ணும் எழுத்து அல்ல. யூனிகோடு குறியீடுகளின் எண்ணிக்கை. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து. எக்ஸுக்கு ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஆகவே 280 என்ற எல்லையில் நமக்கு உண்மையில் கிடைப்பது இருநூறு எழுத்தை ஒட்டி நின்றுவிடுகிறது. புளூஸ்கை 300, மாஸ்டடான் வழக்கமாக 500 என்கின்றன. அவை இரண்டும் கண்ணுக்குத் தெரியும் எழுத்தையே எண்ணுகின்றன, ‘தமிழ்’ அங்கே மூன்றுதான். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு 280க்கும் 300க்கும் இருபதே வித்தியாசம். தமிழருக்கு அது கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. ஒரே குறும்பதிவை எல்லா இடத்துக்கும் அனுப்பும் தானியங்கிக் கருவிகள் இதை அறியாமல் வெட்டும்போது புள்ளி தனியே போய் ‘தமிழ்’ ‘தமிழ’ ஆகிவிடும். பைட் கணக்கில் வெட்டும் கருவியானால் இன்னும் மோசம்: யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் என்பதால், நடுவில் வெட்டினால் கடைசியில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் வந்து நிற்கும். சுருக்கத்தைக் கருவியிடம் விடாமல் ஒவ்வொரு தளத்துக்கும் நாமே இரண்டு வரி எழுதுவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

வாட்ஸ்அப் தனியாகப் பேச வேண்டியது. தமிழ் எழுத்து இன்று மிகுதியாகச் சுற்றுவது அங்கேதான், பெயர் மிகுதியாகத் தொலைவதும் அங்கேதான். 2018 ஜூலையில், வதந்திகளால் கும்பல் வன்முறை நடந்த பின்னணியில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் வரம்பு வைத்தது. அனுப்பப்பட்டது என்ற அடையாளமும் அப்போதுதான் வந்தது. ஆனால் உரையைப் பிரதியெடுத்து ஒட்டினால் அந்த அடையாளம் ஒட்டாது. பெயரில்லாமல் வந்த ஒன்றை யாரும் கெட்ட எண்ணத்தோடு அனுப்புவதில்லை. நன்றாயிருக்கிறதே என்றுதான் அனுப்புகிறார்கள். இடையில் யாரோ ஒருவர் கடைசி இரண்டு வரியை நீக்கியிருப்பார், அவ்வளவுதான். எழுதியவருக்கு அது அவ்வளவுதான் அல்ல. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, அதன் 57ஆம் பிரிவில், உரிமையை விற்ற பிறகுகூட எழுதியவர் தானே எழுதியவர் என்று கோரும் உரிமையைக் காக்கிறது. குழுவில் யாரும் வழக்குப் போடப் போவதில்லை. ஆயினும் பெயரைக் கடைசியில் மட்டும் வைக்காமல் கட்டுரையின் தொடக்கத்திலும், முடிந்தால் நடுவில் இயல்பாக ஒருமுறையும் வைத்தால் அது விழாமல் நிற்க வாய்ப்பு கூடுகிறது.

மறுமொழிகள் சிதறுவதற்கு முழுத் தீர்வு இன்றும் இல்லை. வேறு தளங்களில் வரும் பதில்களை மூலத்துக்குத் திருப்பிக் கொண்டுவர பிரிட்ஜி என்ற இலவசச் சேவை முயன்றது. முகநூல் கதவு 2018இலும் ட்விட்டர் கதவு 2023இலும் அதற்கு அடைபட்டன. நம்பிக்கை தருவது ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறை. 2018 ஜனவரியில் உலகளாவிய வலைச் சேர்த்தியம் இதைத் தரமாக ஏற்றது. மாஸ்டடான் இதில் இயங்குகிறது. வேர்ட்பிரஸ் தளத்தில் இதற்கான செருகுநிரலைச் சேர்த்தால், வலைப்பதிவே ஒரு கணக்காக மாறிவிடும். மாஸ்டடானில் உள்ளவர் அதைப் பின்தொடரலாம், அவர் அங்கே எழுதும் பதில் இங்கே மறுமொழியாக வந்து சேரும். 2024இல் மெட்டாவின் திரெட்ஸும் சில நாடுகளில் இதே வழியில் பகிரத் தொடங்கியது. இங்கே பிரதி என்பதே தேவையில்லாமல் போகிறது. ஒரே மூலம் பல இடங்களில் தெரிகிறது. தமிழர் இன்னும் அங்கே குறைவு. தமிழ்மணம் தொடங்கியபோதும் குறைவாகத்தான் இருந்தார்கள்.

அதுவரை ஒரு கட்டுப்பாடு உதவும். திரும்பிப் போய்ப் பதில் சொல்ல நேரமில்லாத தளத்தில் இடாமல் இருப்பது. எட்டுத் தளங்களில் போட்டுவிட்டு ஏழில் மௌனமாக இருப்பவரை, அந்த ஏழிலும் கேள்வி கேட்டவர்கள் மறப்பதில்லை.

சொந்தத் தளமும் நிரந்தரம் அல்ல என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஆண்டுச் சந்தா கட்டாவிட்டால் முகவரி போகும். எழுதியவர் இறந்தால் கட்ட ஆளிருக்காது. வேர்ட்பிரஸ் 2023இல் நூறு ஆண்டுத் திட்டம் ஒன்றை 38,000 டாலருக்கு அறிவித்தது. நம்மில் யாருக்கும் அது வழியில்லை. இந்த இடத்தில்தான் வெளியே போன பிரதிகள் மூலத்தைக் காக்கின்றன. இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் நம் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் அது ஒரு பிரதியைச் சேமித்துக்கொள்ளும். கணியம் அறக்கட்டளையின் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் திட்டம், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தரப்பட்ட வலைப்பதிவு எழுத்துகளைத் தொகுத்து மின்னூல்களாக்கி இலவசமாகத் தருகிறது. ஈழத்து ஆவணங்களுக்கு நூலகம் நிறுவனம் இருக்கிறது. இவர்கள் கையில் சேர்ந்த எழுத்து, எழுதியவரின் தளம் மறைந்த பிறகும் படிக்கக் கிடைக்கும். ஆனால் சட்டப்படி இவர்கள் வெளியிட எழுதியவரின் அனுமதி வேண்டும். இந்தியாவில் பதிப்புரிமை எழுதியவர் இறந்து 60 ஆண்டு நீடிக்கிறது, இலங்கையில் 70 ஆண்டு. அனுமதி வரி ஒன்றை இன்று தன் தளத்தின் அடியில் எழுதாமல் 2030இல் ஒருவர் மறைந்தால், வாரிசைத் தேடிப் பிடிக்க முடியாத நிலையில், சென்னையில் அவரது கட்டுரையை மின்னூலாக்க 2090 முடியக் காத்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் 2100 முடிய.